மேல்தோலுக்கு முன்னால் உட்தோல்: தீக்காயத் தோல் மாற்றுகள் குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை, தமிழ்நாடு அரசு
தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்
தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். தீக்காய அறுவை சிகிச்சை, தோல் வங்கிப் பணி, உயிரிப்பொருள் தயாரிப்பு ஆகியவற்றில் நாள்தோறும் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். தீக்காயத்துக்குத் தோல் மாற்று என்ற பேச்சு எழும்போதெல்லாம் திட்டக் குறிப்பில் முதலில் வந்து உட்காருவது செல் வளர்ப்புக் கூடம்தான்: தூசி வடிகட்டிய அறை, அடைகாப்பான், திரவ நைட்ரஜன் கலன். அந்தக் கூடமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது மூன்றாவதாக வரட்டும் என்கிறோம். முதலில் இறந்தவரிடமிருந்து தானமாகப் பெறும் கொடைத் தோல், அடுத்து கொலாஜன் என்ற இழைப் புரதத்தில் செய்த உட்தோல் சாரம் (செல்கள் ஏறி வளரத் தாங்கும் பஞ்சு), அதற்குப் பிறகு செல். வரிசையை மாற்றிப் போட்டால் பணம் செலவாகிவிடும், படுக்கையில் கிடப்பவரின் புண் மட்டும் மூடாது.

கணக்கிலிருந்தே தொடங்குகிறோம். வளர்ந்த ஒருவரின் உடல் பரப்பு சுமார் 1.7 சதுர மீட்டர், அதாவது 17,000 சதுர செ.மீ. விரல்களோடு சேர்ந்த அவருடைய உள்ளங்கை ஏறக்குறைய 1 சதவீதம், 170 சதுர செ.மீ. தோலின் முழு ஆழமும் 40 சதவீதம் வெந்தவருக்கு மூட வேண்டிய இடம் 6,800 சதுர செ.மீ. மீதி 60 சதவீதம் நல்ல தோல்தானே என்று தோன்றும். முகம், கழுத்து, உள்ளங்கை, பாதம், மறைவிடம், மூட்டு மடிப்புகள் ஆகியவற்றில் கைவைக்க முடியாது. தொடை, கெண்டைக்கால், முதுகு, சில சமயம் தலையின் மேற்பகுதி என எடுக்கக்கூடிய இடங்கள் சுருங்கிவிடும். அந்த இடங்களிலும் 0.2 முதல் 0.3 மி.மீ. தடிமனில்தான் சீவி எடுக்கிறோம். எடுத்த இடம் ஆற 10 முதல் 14 நாள் ஆகும். அதன் பிறகுதான் அதே இடத்தில் மறுபடி எடுக்கலாம். ஆக, நல்ல தோல் தவணை முறையில்தான் கைக்கு வரும். புண் அதுவரை காத்திருக்காது.

வெந்து செத்த தோல் உடம்பில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு நாளும் அது கிருமிக்குத் தீனி. ஒரு வாரத்துக்குள் சூடோமோனாஸ் என்ற கிருமி குடியேறி, காயக் கட்டின் மேல் பச்சை நிறமும் இனிப்பு கலந்த வாடையும் தெரியத் தொடங்கினால் நிலைமை கைமீறப் போகிறது என்று வார்டு செவிலியரே சொல்லிவிடுவார். அன்றைய யுகோஸ்லாவியாவில், ஸ்லோவேனியாவின் மாரிபோர் நகரில் பணியாற்றிய மருத்துவர் ஜோரா யான்செகோவிச், செத்த தோல் தானாகக் கழன்று விழட்டும் என்று காத்திருக்காமல் முதல் சில நாட்களிலேயே அடுக்கடுக்காகச் சீவி எடுத்து, உடனே ஒட்டு (வேறிடத்திலிருந்து எடுத்த நல்ல தோல்) வைக்கும் முறையை 1970இல் வெளியிட்டார். பெரிய தீக்காயங்களில் உயிர்பிழைப்பை உயர்த்திய மாற்றங்களில் இது முதல் வரிசையில் இருப்பது. ஆனால் அதற்கு இரண்டு முன்தேவைகள் உண்டு. ஒன்று ரத்தம். சீவும் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் அரை மில்லிக்குக் குறையாமல் போகும். 20 சதவீதம் சீவினால் 3,400 சதுர செ.மீ., ஒன்றே முக்கால் லிட்டர் அளவுக்கு இழப்பு. அட்ரினலின் கலந்த உப்பு நீரைத் தோலடியில் செலுத்தியும், கை கால்களில் ரத்த ஓட்டத்தை நிறுத்தும் டூர்னிக்கே பட்டை கட்டியும் இதைக் குறைக்கலாம். ஆனாலும் ஒரே அமர்வில் 15 முதல் 20 சதவீதத்தைத் தாண்டுவது பெரும்பாலும் ஆபத்து. இன்னொரு முன்தேவை, சீவி முடித்த நிமிடத்தில் அந்த இடத்தின் மேல் எதை வைப்பது என்பதற்கான பதில். மூடுவதற்கு ஒன்றும் இல்லை என்றால் சீவவே தயங்குவோம். செத்த தோல் மூன்று வாரம் அங்கேயே கிடந்து, பொருக்கு கட்டி, சீழ் வைத்து, தானாகக் கழலும் பழைய முறைக்கே திரும்பிவிடுவோம். தோல் மாற்று என்பது அறுவை அரங்கில் அந்த நிமிடத்துக்கு வேண்டிய பொருள். துறை முதலில் பார்க்க வேண்டியது அந்த நிமிடத்தைத்தான்.

இனி உட்தோலுக்கு வருகிறோம். வெளியே தெரியும் மேல்தோல் பல இடங்களில் 0.1 மி.மீ. அளவுக்கே இருக்கும் மெல்லிய ஏடு. நீர் வெளியேறாமல், கிருமி உள்ளே வராமல் காப்பது அதன் வேலை. தோலுக்கு இழுவையும் மென்மையும் தருவது அதற்குக் கீழே உள்ள உட்தோல். 1 முதல் 4 மி.மீ. வரை தடிமன், கொலாஜனும் எலாஸ்டினும் பின்னிய பாய். மேல்தோல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். உட்தோல் முழுசாகப் போய்விட்டால் மனித உடல் அதைத் திரும்ப நெய்யாது, அந்த இடத்தில் தழும்பைத்தான் போடும். தழும்பிலும் கொலாஜன்தான் இருக்கிறது. ஆனால் இழைகள் ஒரே திசையில் நெருக்கியடித்து, சுருங்கிக்கொண்டே போகும். கொழுப்பின் மேலேயோ தசையின் மேலேயோ நேரடியாக வைத்த வலை ஒட்டை (வலைபோலக் கீறி விரித்த தோலை) ஓராண்டு கழித்துப் பாருங்கள். மெஷ் இயந்திரத்தில் 1:3 என்று, அதாவது மூன்று மடங்காக, விரித்த அந்த வைர வடிவக் கண்கள் அப்படியே தெரியும். கண்ணியின் நூல் இருந்த இடம் மிருதுவாகவும், ஓட்டை இருந்த இடம் தடித்துப் பளபளப்பாகவும் இருக்கும். நூலின் அடியில் எடுத்து வைத்த தோலோடு வந்த துளி உட்தோல் இருக்கிறது. ஓட்டையில் அதுகூட இல்லை. முழங்கை மடங்கிப்போவதும், தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொள்வதும் இங்கேதான் தொடங்குகின்றன.

செல் வளர்ப்பின் வரலாறும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. அமெரிக்காவில் ரைன்வால்டும் கிரீனும் மனித மேல்தோல் செல்களை, எலியின் 3டி3 செல்களைத் தாதியாக வைத்து, தொடர்ந்து வளர்க்கும் வழியை 1975இல் காட்டினார்கள். தபால்தலை அளவுத் துண்டிலிருந்து சுமார் மூன்று வாரத்தில் உடம்பையே மூடும் அளவுக்கு மேல்தோல் ஏடுகள் கிடைத்தன. உடலில் 95 சதவீதத்துக்கு மேல் வெந்த இரு சிறுவர்களுக்கு அப்படி வளர்த்த தோலை வைத்துப் பிழைக்கச் செய்த செய்தி 1984இல் வெளியானது. பெரிய சாதனைதான். ஆனால் அந்த ஏடு சில செல் அடுக்குகளே தடிமன் கொண்டது, ஈர டிஷ்யூ தாள் மாதிரி. வளர்த்த தட்டிலிருந்து டிஸ்பேஸ் நொதியால் பிரித்தவுடன் சுருங்கும். வாஸ்லின் தடவிய காஸ் துணியை அதன் முதுகில் ஒட்டித்தான் எடுத்து வைக்க வேண்டும். வைத்த பிறகு, மேல்தோலைக் கீழே கட்டிப்பிடிக்கும் நங்கூர இழைகள் உருவாக மாதக்கணக்கில் ஆகும். அதுவரை படுக்கை விரிப்பில் உரசினாலும் கொப்புளம் கட்டும், கட்டைப் பிரிக்கும்போது கையோடு வந்துவிடும். இந்த ஏட்டுக்கு இருக்கும் பெரிய குறை அது உட்கார அடியில் உட்தோல் இல்லாததுதான்.

2015இல் ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரில், தோல் கொப்புளமாகிக் கழலும் பரம்பரை நோயுள்ள ஒரு சிறுவனுக்கு, இத்தாலியின் மிகேலே டி லூகா குழு மரபணு திருத்தி வளர்த்த மேல்தோலை உடலின் சுமார் 80 சதவீதத்தில் வைத்தது, அது நிலைத்தது. செல் கூடத்துக்கு ஆதரவாக இந்த எடுத்துக்காட்டு அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. அந்தச் சிறுவனுக்குப் போனது மேல்தோல், அவனுடைய உட்தோல் உயிரோடு இருந்தது. முழு ஆழத் தீக்காயத்தில் நிலைமை தலைகீழ். அமெரிக்க மருத்துவர் குவோனோ 1980களிலேயே இதை உணர்ந்து, முதலில் கொடைத் தோலை வைத்து அதன் உட்தோலைப் பிடிக்கவிட்டு, மேல்தோல் பகுதியை மட்டும் சீவி அகற்றிவிட்டு, பிறகு வளர்த்த ஏட்டை அதன்மேல் வைத்தார். வளர்த்த செல் வேலை செய்ய வேண்டும் என்றாலும் கொடைத் தோல் முன்னே வர வேண்டியிருக்கிறது.

ஆகவே கொடைத் தோல் பற்றிச் சற்று விரிவாக. இறந்தவரிடமிருந்து 6 மணி நேரத்துக்குள் எடுப்பது வழக்கம், உடல் குளிரூட்டப்பட்டிருந்தால் கூடுதல் அவகாசம் கிடைக்கும். கண் தானம் போல, மூளைச்சாவு தேவையில்லை. வீட்டில் இயற்கையாக இறந்தவரிடமிருந்தும் எடுக்கலாம். ரத்த வகை பொருந்த வேண்டியதில்லை. சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் தடையில்லை. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, ரத்தத்தில் கிருமி பரவல், தோல் புற்றுநோய் ஆகியவை தடை. தொடை, கால், முதுகு ஆகிய இடங்களிலிருந்து பேட்டரியில் ஓடும் டெர்மடோம் என்ற தோல் சீவும் கருவியால் 0.3 மி.மீ. அளவில் சீவுவார்கள். உயிரில்லாத உடலில் ரத்தம் வழியாது. முகத்தையும் கைகளையும் தொடுவதில்லை. கட்டுப் போட்டு உடை உடுத்தினால் எடுத்ததே தெரியாது. மொத்தம் முக்கால் மணி நேர வேலை. இந்த ஒரு பத்தியில் உள்ளதை இறுதிச் சடங்கு வீட்டில் நிதானமாகச் சொல்லத் தெரிந்த ஆலோசகர்தான் தோல் வங்கியின் முதல் கருவி, டெர்மடோம் அதற்குப் பிறகுதான். தமிழ்நாட்டில் கண் தானம் வேரூன்றிய மண் இருக்கிறது. கண் எடுக்கப் போகும் வண்டியிலேயே தோல் குழுவுக்கும் இடம் வேண்டும், ஒரே தொலைபேசி எண்ணில் இரண்டுக்கும் அழைப்பு வர வேண்டும். 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011 திருத்தம் திசுக்களையும் சேர்த்துவிட்டதால், இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

எடுத்த தோலை எப்படி வைத்திருப்பது? ஆழ்குளிர், திரவ நைட்ரஜன் ஆகிய இரண்டும் தோல் செல்லை உயிரோடு வைக்க உதவும், ஆனால் செலவும் மின்சாரமும் இழுக்கும். நெதர்லாந்தின் பெவர்வைக் நகரிலுள்ள ஐரோப்பியத் தோல் வங்கி வழக்கமாக்கிய கிளிசரால் முறைதான் நம் மாவட்டங்களுக்குப் பொருந்தும். 50, 70, 85 சதவீதம் எனப் படிப்படியாகக் கிளிசரால் ஏற்றி, 4 டிகிரி குளிரில் வைக்கிறார்கள். சாதாரண மருந்துக் குளிர்பெட்டி போதும், சில மணி நேர மின்வெட்டில் சரக்கு கெடாது. கிளிசரால் கிருமியையும் மெல்ல மெல்ல அடக்கும். இந்த முறையில் செல் செத்துவிடும், கொலாஜன் கட்டமைப்பு நிற்கும். தற்காலிகப் போர்வைக்கு அது போதும். பதப்படுத்துவதற்கு முன்னும் பின்னும் கிருமி வளர்ப்புச் சோதனை, கொடையாளியின் ரத்த முடிவு வரும்வரை தனி அடுக்கு, ஒவ்வொரு பொட்டலத்திலும் பரப்பளவு, எடுத்த தேதி, குறியீடு ஆகியவை தவறவே கூடாதவை. பயன்படுத்தும் முன் மூன்று முறையாவது உப்பு நீரில் நன்றாக அலச வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிடுவது வார்டுகளில் அதிகம் நடக்கும் தவறு. மிச்சமிருக்கும் கிளிசரால் காயத்திலிருந்து நீரை உறிஞ்சி, அடிப்புண்ணையே உலர்த்திவிடும்.

கொடைத் தோல் இரண்டு மூன்று வாரம் பிடித்து நின்று, பிறகு உடலால் நிராகரிக்கப்பட்டுக் கழலும். அந்த மூன்று வாரம்தான் நமக்கு வேண்டியது. நீர் இழப்பும் வலியும் குறையும், நோயாளி எழுந்து உட்காருவார், அடியில் புண் சிவந்து ஒட்டுக்குத் தயாராகும். இன்னொரு பயனும் உண்டு. நோயாளியின் சொந்தத் தோல் மிகக் குறைவாக இருந்தால் அதை 1:6 என்று அகல வலையாக விரித்து வைத்து, அதன்மேல் கொடைத் தோலை 1:1.5 வலையாகப் போர்த்துவோம். கீழே உள்ள கண்கள் மூடும்வரை மேலே உள்ளது காவல் காக்கும். மீக் முறை என்று இன்னொன்று இருக்கிறது. 42 மி.மீ. சதுரத் தக்கையில் ஒட்டிய தோலை இயந்திரம் 14-க்கு 14 என வெட்டி 196 சிறு சதுரங்களாக்கும். மடிப்புத் துணியில் அவற்றை ஏற்றி இழுத்தால் ஒன்பது மடங்கு வரை பரவும். தோல் மிகக் குறைவாக உள்ள பெரிய காயங்களில் இது உயிர் காக்கும் உத்தி. மீக் இயந்திரம் ஒவ்வொரு பெரிய தீக்காய மையத்திலும் ஒன்று இருக்கட்டும்.

போகிற போக்கில் ஒன்று. நம் வீடுகளில் வெந்தவரை வாழை இலையில் கிடத்துவது மூடநம்பிக்கை என்று ஒதுக்க வேண்டியதில்லை. அதன் மெழுகுப் பரப்பு புண்ணில் ஒட்டாது. மும்பையில் சுத்திகரித்த வாழை இலைக் கட்டை முறைப்படி ஆய்ந்து 2003இல் வெளியிட்டிருக்கிறார்கள். மேலோட்டமான காயத்துக்கும், தோல் எடுத்த இடத்துக்கும் வலி குறைந்த, மலிவான கட்டு அது. ஆனால் கட்டு வேறு, தோல் மாற்று வேறு. சந்தையில் வாங்கிய ஜிலேபி கெண்டையின் தோலை உரித்துக் காயத்தில் வைப்பதும் இப்படித்தான். பிரேசிலின் போர்ட்டலேசாவில் அந்த மீனின் தோலைக் கிளிசராலில் பதப்படுத்தி, கதிர்வீச்சால் தூய்மையாக்கிய பிறகே காயத்தில் வைத்தார்கள். அதுவும் ஒரு கட்டாகத்தான். காணொளியைப் பார்த்துவிட்டு வீட்டில் செய்தால் சீழ்தான் மிஞ்சும்.

இரண்டாவது, உட்தோல் சாரம். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோலத்தான். கொலாஜன் பஞ்சு ஒன்றைக் காயத்தில் வைத்தால், நோயாளியின் சொந்த செல்களும் ரத்தக் குழாய்களும் அதன் துளைகளுக்குள் ஏறி, தங்கள் கொலாஜனை நெய்துவிட்டு, வைத்த பஞ்சைக் கரைத்துவிடும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் யானஸும் மருத்துவர் பர்க்கும் மாட்டுக் கொலாஜனோடு சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த காண்ட்ராய்டின் சல்ஃபேட்டைச் சேர்த்து, மேலே சிலிகோன் ஏடு போர்த்தி, 1981இல் இதை நோயாளிகளுக்கு வைத்துக் காட்டினார்கள். 1996இல் அது அமெரிக்காவில் அனுமதி பெற்று, இன்றும் இறக்குமதியாகிறது. அண்மைக் காலத்தில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் உருவான 2 மி.மீ. பாலியூரித்தேன் நுரையும் சேர்ந்துகொண்டது. விலங்குக் கொலாஜன் இல்லாததால் அது கிருமிக் காயத்தில் சற்றுத் தாக்குப்பிடிக்கும். 20க்கு 25 செ.மீ. தாள் ஒன்று 500 சதுர செ.மீ. நாம் முன்பு சொன்ன 6,800 சதுர செ.மீ. நோயாளிக்கு 14 தாள். இறக்குமதி விலையில் பொது மருத்துவமனை இதைத் தாங்காது. அதனால்தான் உள்ளூரில் செய்ய வேண்டும் என்கிறோம்.

செய்ய முடியுமா என்றால், முடியும். சென்னை அடையாறில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொலாஜனைப் பல பத்தாண்டுகளாகத் தெரியும். திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை நீக்கிய சவ்வை உருவாக்கி, அதற்கு மிக உயர்ந்த ஆபத்து வகையான 'டி' பிரிவு மருத்துவச் சாதன அனுமதியை 2023இல் பெற்றுவிட்டது. வழி வெட்டப்பட்டிருக்கிறது. ஆனால் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் மலிந்து கிடக்கிறதே, எடுத்துச் செய்துவிடலாம் என்ற எண்ணம் தவறு. உப்பு போட்டுக் குவித்து லாரியில் வந்த தோலில் எந்த மாடு, என்ன நோய், எப்போது அறுத்தது என்ற தடமே இருக்காது. விலங்குத் திசுவில் செய்யும் மருத்துவச் சாதனங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 22442 தரம் கேட்பது அந்தத் தடத்தைத்தான். சான்று பெற்ற மந்தை, கால்நடை மருத்துவரின் கையெழுத்து, அறுத்த சில மணி நேரத்தில் குளிரில் சேர்ப்பு ஆகியவை முதலில் அமைய வேண்டும். மாடு, பன்றி, மீன் என எதிலிருந்து செய்தாலும் அதை நோயாளியிடம் தமிழில் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். மதம் சார்ந்த மறுப்பு நியாயமானது, மாற்று கையில் இருக்க வேண்டும். மீன் கொலாஜன் அந்த மாற்றாக அமையும். ஆனால் குளிர்நீர் மீனின் கொலாஜன் ஈரமாக இருக்கையில் நம் அறை வெப்பத்திலேயே ஜெலட்டினாகிவிடும். வெப்பநீர் மீனே சரி.

தயாரிப்பில் எங்கே கோட்டை விடுவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அசிட்டிக் அமிலத்தில் அரை முதல் ஒரு சதவீதக் கொலாஜனை 4 டிகிரியில் கரைத்து, அச்சில் ஊற்றி உறைய வைத்து, வெற்றிடத்தில் உலர்த்துகிறோம். பனிப்படிகம் இருந்த இடம்தான் பஞ்சின் துளையாகிறது. மெதுவாக உறைந்தால் பெரிய துளை, வேகமாக உறைந்தால் சிறிய துளை. தட்டின் ஓரமும் நடுவும் ஒரே வேகத்தில் உறையாவிட்டால் ஒரே தாளில் இரண்டு விதத் துளை வரும். துளை சுமார் 20 முதல் 120 மைக்ரானுக்குள் இருந்தபோதுதான் காயம் சுருங்குவது நன்றாகத் தடைப்பட்டது என்று யானஸ் குழு கண்டது. அதற்கடுத்தது குறுக்குப் பிணைப்பு. வெற்றிடத்தில் 105 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தும், குளுட்டரால்டிஹைடு கரைசலில் நனைத்தும் இழைகளைப் பிணைக்கிறார்கள். பிணைப்பு குறைந்தால் கிருமி நொதி பஞ்சை நாலைந்து நாளில் கூழாக்கும். மிகுந்தால் உடல் அதைக் கரைக்க முடியாமல் அந்நியப் பொருளாகப் பார்த்து, சுற்றிலும் தழும்பு கட்டும். கழுவிப் போகாத குளுட்டரால்டிஹைடு உள்ளே வரும் செல்லைக் கொன்றுவிடும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பாதி கரைவதே நல்ல அளவு. கடைசியாக, கிருமி நீக்கச் செலுத்தும் 25 கிலோகிரே காமா கதிர் கொலாஜன் இழைகளை முறிக்கும். ஆகவே கதிர் பட்ட பிறகுள்ள பஞ்சின் வலிமையைத்தான் சான்றிதழில் எழுத வேண்டும், முன்பிருந்ததை எழுதினால் அது பொய்க் கணக்கு.

மருத்துவப் பணிகள் கழகத்துக்கு எங்கள் வேண்டுகோள் இதிலிருந்தே பிறக்கிறது. ஒப்பந்தப்புள்ளியில் 'கொலாஜன் தாள்' என்று ஒற்றைச் சொல்லில் கேட்டால், வெறும் கட்டாகப் பயன்படும் மெல்லிய படலமும், உட்தோல் சாரமும் ஒரே தட்டில் நிறுக்கப்படும், விலை குறைந்த படலம்தான் வெல்லும். இரண்டையும் தனித்தனி வரியாகப் பிரியுங்கள். சாரத்துக்குத் துளையளவின் வரம்பு, கொலாஜனைக் கரைக்கும் நொதியான கொலாஜனேஸில் கரையும் வேகம், கதிருக்குப் பிந்திய ஈர வலிமை, தாளுக்கு 20 அலகுக்கு மிகாத எண்டோடாக்சின் (கிருமி விட்டுச்செல்லும் நச்சு), மூல விலங்கின் தடம் ஆகிய ஐந்தையும் கேளுங்கள். மாதிரியைத் தயாரிப்பாளர் தேர்ந்தெடுத்துத் தரக் கூடாது, கிடங்கிலிருந்து நீங்கள் எடுங்கள். காப்பீட்டுத் திட்டத்திலும் இப்படித்தான். தோல் மாற்றின் செலவு பரப்பளவைப் பொறுத்தது, ஆகவே சதுர செ.மீ. அடிப்படையில் தனி வரி வேண்டும். இல்லாவிட்டால் 10 சதவீதம் வெந்தவருக்கும் 50 சதவீதம் வெந்தவருக்கும் ஒரே தொகை என்றாகி, பெரிய காயம் பட்டவர்தான் முதலில் கைவிடப்படுவார்.

பொருள் வந்துவிட்டால் மட்டும் போதாது, பார்த்துக்கொள்ளவும் தெரிய வேண்டும். சாரத்தைச் செத்த தோல் துளியும் இல்லாத, ரத்தம் முழுதாக நின்ற இடத்தில்தான் வைக்க வேண்டும். அடியில் ரத்தம் தேங்கினால் அந்த இடம் பிடிக்காது. சிலிகோன் வழியே கருநீலத் திட்டாகத் தெரியும், அன்றே ஊசி முனையால் கீறி வடிக்க வேண்டும். சீழ் தெரிந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுச் சுற்றியுள்ளதைக் காப்பாற்றலாம். நிறத்தைத் தினமும் பார்க்க வேண்டும். வைத்த அன்று சிவப்பு, பிறகு இளஞ்சிவப்பு, ரத்தக் குழாய் ஏற ஏற வெளிர் மஞ்சள் கலந்த சாயல். இரண்டு மூன்று வாரத்தில் அந்தச் சாயலும், அழுத்தினால் வெளுத்து மறுபடி நிறம் திரும்புவதும் தெரிந்தால் சிலிகோனை உரித்து, மிக மெல்லிய ஒட்டை வைக்கலாம். வெறும் காயத்துக்கு 0.3 மி.மீ. எடுப்பவர்கள் இங்கே 0.15 அளவில் எடுத்தால் போதும். எடுத்த இடம் சீக்கிரம் ஆறும், மறுபடி எடுக்கலாம். சாரத்தின் பெரிய லாபமே இதில்தான் இருக்கிறது. ஒட்டு வைத்த முதல் 48 மணி நேரம் அடியிலிருந்து ஊறும் நீரில்தான் அது உயிர்வாழும், அதற்குப் பிறகே குழாய்கள் இணையும். ஆகவே ஐந்தாம் நாள்வரை அசைக்கக் கூடாது. தையலோ ஸ்டேப்பிளோ போட்டு, மேலே கட்டி வைத்த பஞ்சோ எதிர்மறை அழுத்தக் கட்டோ சேர்த்து, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும் உதவியாளருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரு புரட்டலில் போன ஒட்டுகள் ஏராளம்.

இவ்வளவும் ஓடத் தொடங்கிய பிறகு செல் கூடம் வரட்டும். அப்போதும் முதலில் ஏடு வளர்ப்பதை விட, ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் மருத்துவர் ஃபியோனா வுட் குழு வளர்த்தெடுத்த தெளிப்பு முறையைப் பரிசீலிக்க வேண்டுகிறோம். 1 சதுர செ.மீ. தோலை நொதியில் பிரித்துச் செல் கரைசலாக்கி 80 சதுர செ.மீ. வரை அறுவை அரங்கிலேயே தெளிக்கலாம். வளர்ப்பும் மூன்று வாரக் காத்திருப்பும் இல்லை. ஆனால் முழு ஆழக் காயத்தில் அகல வலை ஒட்டோடு சேர்த்துத்தான் வேலை செய்யும்.

இன்றுள்ள எந்தத் தோல் மாற்றிலும் வியர்வைச் சுரப்பி இல்லை. பாதி உடம்பில் ஒட்டு உள்ளவரால் அக்னி நட்சத்திர வெயிலில் உடம்பைக் குளிர்விக்க முடியாது. மயங்கி விழுவார், வெயிலில் செய்யும் வேலைக்குத் திரும்ப முடியாது. எனவே மறுவாழ்வுத் தொகை மருத்துவமனையை விட்டுப் போகும் நாளோடு நிற்கக் கூடாது. அழுத்த ஆடை நாளுக்கு 23 மணி நேரம் வீதம் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு போட வேண்டும். துணி தளர்ந்துவிடுவதால் சில மாதத்துக்கு ஒருமுறை புதியது வேண்டும். ஒருவருக்குக் குறைந்தது இரண்டு ஜோடி, ஒன்று துவைக்கும்போது மற்றொன்று. கழுத்துக்கும் கைக்கும் தாங்கு பட்டையை அறுவை முடிந்த வாரத்திலேயே பிசியோதெரபிஸ்ட் பொருத்தாவிட்டால், எவ்வளவு உயர்ந்த சாரம் வைத்தாலும் மூட்டு மடங்கத்தான் செய்யும்.

கடைசியாகச் சிவகாசி. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் இந்தியாவில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் நடுத்தர அல்லது கடும் தீக்காயம் அடைகிறார்கள். பெரும்பாலானவர்கள் அடுப்படியிலிருந்து ஒருவர் இருவராக வருகிறார்கள். பட்டாசு ஆலை விபத்தில் அப்படியில்லை, ஒரே பிற்பகலில் வண்டி வண்டியாக வருவார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாளுக்காகத்தான் கையிருப்பு வேண்டும். 40 சதவீதம் வெந்த பத்துப் பேர் வந்தால் மூட வேண்டியது 68,000 சதுர செ.மீ. முதல் வாரத்தில் அதில் பாதியைச் சீவி மூடுவதாக வைத்துக்கொண்டால் 34,000. ஒரு கொடையாளியிடம் 2,000 கிடைப்பதாகக் கொண்டால் 17 கொடையாளிகளின் தோல். அது 500 கி.மீ.க்கு அப்பால் சென்னையில் இருந்து பயனில்லை. 75 கி.மீ. தொலைவில் மதுரையில், கிளிசராலில், குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். பயன்படுத்திய அளவுக்கு ஈடாகத் தெற்கு மாவட்டங்களிலிருந்து புதியது சேர வேண்டும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும், ஒவ்வொரு சாரத் தாளுக்கும் 5ஆம், 14ஆம், 21ஆம் நாள் பிடிப்புச் சதவீதமும், ஆறு மாதம், ஓராண்டில் தழும்பின் அளவீடும் ஒரே பதிவேட்டில் ஏற வேண்டும். உள்ளூர்த் தயாரிப்பு இறக்குமதிக்கு நிகரா என்பதை அந்தப் பதிவேடுதான் காட்டும்.

மதுரையில் 34,000 சதுர செ.மீ. கொடைத் தோல் இருப்பு எந்த மாதத்துக்குள் சேரும், அதைப் பொறுப்பில் வைத்திருக்கும் அலுவலர் யார், உட்தோல் சாரத்துக்கான தனி ஒப்பந்தப்புள்ளி எப்போது வெளியாகும் ஆகிய மூன்றுக்கும் தேதியோடு கூடிய எழுத்துப்பூர்வப் பதிலை வேண்டுகிறோம். விவரக்குறிப்பு வரையவும், செவிலியருக்கும் ஆலோசகர்களுக்கும் பயிற்சி தரவும் எங்கள் நேரத்தை ஊதியமின்றித் தருகிறோம்.

இப்படிக்கு,
தீக்காய அறுவை சிகிச்சை, தோல் வங்கி, உயிரிப்பொருள் தயாரிப்பு, மறுவாழ்வுத் துறைகளில் பணியாற்றுவோர்